இடது சீட்டில் ஒரு துணி ரோல்

1. முதல் பொய்

அந்தக் காரைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வாக்கியமே பொய்.

"இந்த மாதிரி நாலஞ்சு பாத்திருக்கறனுங்ணா."

பார்த்தது உண்மைதான். ஃபோனில் பார்த்திருக்கிறேன். கை வைத்து வேலை செய்தது ஒன்றுகூட இல்லை. திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதெல்லாம் துணி ஏற்றுகிற வேனும் குட்டி யானையும்தான். இருபத்திரண்டு வருஷமாக அவற்றின் எடையைத் தாங்குகிற, வில் மாதிரி வளைந்த கமான் பட்டைகளைக் கழற்றி மாட்டியே வயதாகிப்போனவன் நான். ஆனால் எதிரே நின்றவர் மயில்சாமி அண்ணன். அவருடைய பனியன் கம்பெனியின் ஆறு வண்டிகளும் என்னிடம்தான் வருகின்றன. அவர் கேட்டு "தெரியாதுங்க" என்று சொல்ல என் நாக்குக்குப் பழக்கமில்லை.

கார் ஐம்பது வயதைத் தாண்டியது. கரும்பச்சை நிறம். மேலே கூரை கிடையாது, உள்ளே இரண்டே சீட். எந்த நாட்டிலிருந்தோ எத்தனையோ கை மாறி வந்து, கம்பெனியின் துணி குடோனில் சுவரோரமாக நின்றது. முன்பக்கம் சரியாக இருந்தது. பின்பக்கம் மட்டும் எலிக்குக் காத்திருக்கிற பூனை மாதிரி தரையோடு தரையாகப் பம்மிக் கிடந்தது.

"ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா பின்னால டங்குனு இடிக்குதுங்க தங்கவேலு," என்றார் அண்ணன். "போன மாசம் கோமதிய உக்கார வெச்சு அவிநாசி ரோட்டுல ஒரு ரவுண்டு போனேன். மூணே மேடு. மூணு நாள் படுத்துட்டா."

கோமதி அக்கா அவர் மனைவி. முதுகுத் தண்டில் டிஸ்க் தொந்தரவு. அந்த மூன்று நாள் படுக்கையிலேயே அக்கா ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டார். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை உடுமலைப் பக்கம் இருக்கும் தங்கள் தென்னந்தோப்புக்கு இதே காரில் போய் வரவேண்டும். வழியில் ஒரே ஒரு தடவை இடித்தாலும் காரை விற்றுவிட வேண்டும்.

"கோயமுத்தூர்ல ஒருத்தர் வாங்கறதுக்கு ரெடியா இருக்கறாருங்க," என்று சொல்லும்போது அண்ணன் காரைத்தான் பார்த்தார். புள்ளையை ஹாஸ்டலில் விடப்போகிற அப்பன் முகம். "கல்யாணமான புதுசுல ஒரு ஓட்டை மொபெட்டுல கூட்டிட்டுப் போனனுங்க. அப்பவே சொன்னேன், ஒருநாளைக்கு கூரையில்லாத கார்ல கூட்டிட்டுப் போறேன்னு. இப்பத்தான் வாங்க முடிஞ்சுது. ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் பத்து நாளு இருக்குதுங்க. பண்ணிப்போடலாமுங்களா?"

"பத்து நாளு எதுக்குங்ணா? நாலு நாளு போதும்."

இது இரண்டாவது பொய்.

2. வேன்காரன் மூளை

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். சக்கரம் மேடு ஏறும்போது அச்சு மேலே எழும்பும். அது எழும்ப இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் டிராவல் என்கிறோம். மேலே பாடியில் ஒரு ரப்பர் இருக்கும், அதன் பெயர் பம்ப் ஸ்டாப். இடம் தீர்ந்துபோனால் அச்சு அந்த ரப்பரில் போய் மோதும். அதுதான் கோமதி அக்காவின் 'டங்'.

அச்சுக்கும் ரப்பருக்கும் நடுவில் பனியன் கம்பெனி டேப்பை விட்டு அளந்தேன். ஆள் யாரும் ஏறாதபோதே ஓர் அங்குலம்தான் இருந்தது. காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் அச்சுக்கும் பட்டைக்கும் இடையில் இரும்புக் கட்டை வைத்திருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. 'அட, இவ்வளவுதானா! கட்டை மெல்லிசு. தடிமனாக வைத்தால் வண்டி உயரும்.' லேத்தில் சொல்லி இரண்டங்குலக் கட்டை கடைந்து வந்து, இரண்டு பக்கமும் மாட்டி, மயில்சாமி அண்ணனைக் கூப்பிட்டு, அவர் முன்னால் ஜாக்கியை இறக்கினேன்.

கார் இறங்கியது. இன்னும் இறங்கியது. ரப்பர் அச்சின் மேல் உட்கார்ந்து 'உஸ்' என்றது. பின்சக்கரம் பாதி காணாமல் போய்விட்டது.

அண்ணன் ரொம்ப மரியாதைக்காரர். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏனுங்க தங்கவேலு, இது எறங்கி ஏறுமுங்களா?"

எனக்கு நெற்றியெல்லாம் வேர்வை. நான் வேலை செய்கிற வேன்களில் அச்சு கீழே, பட்டை மேலே. நடுவில் கட்டை வைத்தால் வண்டி உயரும். இந்தக் காரில் அச்சு பட்டையின் மேலே உட்கார்ந்திருக்கிறது. கட்டை வைத்தால் அச்சு மேலே போகும், பாடி கீழே வரும். அந்தப் புண்ணியவான் காரைப் பம்ம வைப்பதற்காகவே வைத்த கட்டை அது. நான் அவனுக்கு இரட்டிப்பாக உதவி செய்திருந்தேன்.

"செக்கிங்குங்ணா," என்றேன். "எவ்வளவு எறங்குதுன்னு பாத்தாத்தானுங்க எவ்வளவு ஏத்தோணும்னு தெரியும்."

அண்ணன் தலையாட்டினார். குடோனின் மறுபக்கத்தில் கட்டிங் மாஸ்டர் ஞானராஜ் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகத் திருப்பூரில் இருந்தாலும் நாக்கு இன்னும் ஊரிலேயே இருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, வண்டிக்கு முட்டி போடப் பழக்குதீயளா?"

3. ரிலாக்ஸ்

கட்டைகளை எடுத்து வீசினேன். இரண்டு பட்டைகளையும் கழற்றி, பல்லடம் ரோட்டில் உள்ள பட்டைக் கடையில் கேம்பர் அடிக்கக் கொடுத்தேன். தட்டையாகிப்போன பட்டையை மறுபடி வில்லாக வளைப்பதுதான் கேம்பர். பட்டையின் முனைகளில் போல்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ்களையும் புதிதாகப் போட்டேன். உயரம் கூடினால் அச்சு கீழே தொங்குவதற்கும் இடம் வேண்டும். அதைப் பிடித்திருக்கிற வாருக்கு நீளம் போதவில்லை. வேறு நீளமான வார் செய்யச் சொல்லவேண்டும் என்றதும் ஞானராஜ் ஓடிவந்து, ஜட்டிக்குப் போடுகிற எலாஸ்டிக் ஒரு சுருள் நீட்டினார்.

"இத வச்சுப் பாரும். இழுத்தா வரும், விட்டா போகும். எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

வாங்கி நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பெல்ட் கடைக்குப் போய் முறையான வாரே வாங்கினேன்.

எல்லாம் மாட்டி, போல்டுகளை முறுக்கி, ஜாக்கியை இறக்கி, டேப்பை விட்டேன். மூன்றேகால் அங்குலம்! உடனே போட்டோ எடுத்து மயில்சாமி அண்ணனுக்கு அனுப்பினேன். கீழே 'சக்ஸஸ்' என்று போட்டு, கைதட்டுகிற பொம்மை நான்கு.

மறுநாள் காலை வந்து பார்த்தால் இரண்டரை.

பட்டை உடைந்துவிட்டது என்று முடிவே செய்துவிட்டேன். கீழே படுத்துத் தடவினேன், உடையவில்லை. டேப்பின் மேல் சந்தேகம் வந்தது, வேறு டேப் வாங்கி வந்தேன். அதிலும் இரண்டரை. யாரோ ராத்திரி வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேனையும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விருப்பமில்லை.

ஞானராஜ் டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"என்னவே, மூஞ்சி தொங்கிப் போயி கெடக்கு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா இப்படி? ரோல்ல வந்த துணிய நாங்க அப்படியேவா வெட்டுதோம்? பிரிச்சு, ரிலாக்ஸ் ஆவட்டும்னு ஒரு ராத்திரி சும்மா போட்டு வைக்கோம்லா. ரோல்ல இழுத்துச் சுத்துனது தன்னால சுருங்கும். அதுக்கு முன்ன அளந்து வெட்டுனா எல் சைசு எம் சைசா நிக்கும். உம்ம கார அந்தரத்துல தொங்கப் போட்டுல்லா முறுக்குனீரு? எறக்குன கையோட அளந்தா அது சொல்லுதது அளவா, நடிப்பா?"

அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. ரப்பர் புஷ் உள்ள போல்டைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் விட்டதும் அது முறுக்கிக்கொண்டு பாடியைத் தூக்கிப் பிடிக்கும். டயரும் ஜாக்கியிலிருந்து இறங்கின இடத்திலேயே தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். கொஞ்சம் நேரமானால் எல்லாம் தளரும், உண்மையான உயரம் வெளியே வரும். ஃபோனில் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் இதைத்தான் சொல்லியிருந்தார். நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தேன்.

போல்டுகளைத் தளர்த்தினேன். காரைத் தரையிலேயே வைத்து, நாலு தடவை முன்னும் பின்னும் தள்ளி, பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி ஆட்டிவிட்டேன். அடுத்தது போல்டை முறுக்க வேண்டும். அதற்கு முன் சீட்டில் ஆள் எடை இருக்கவேண்டும். காரில் போகப்போகிறவர்களின் எடை.

இங்கேதான் எங்கள் ஊர் மரியாதை குறுக்கே வந்தது.

4. அக்கா 58

முதலாளி வீட்டு அம்மாவிடம் போய் "உங்க எடை எவ்வளவுங்க்கா?" என்று கேட்கிற மெக்கானிக்கை நீங்கள் பார்த்ததுண்டா? நானும் பார்த்ததில்லை. மயில்சாமி அண்ணனிடம் குசுகுசுவென்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஒரு அம்பத்தெட்டுப் போட்டுக்கங்க."

"மெசின்ல பாத்தீங்களாண்ணா?"

"கல்யாணத்தப்ப அம்பத்திரண்டுங்க. ஆறு சேத்துக்கிட்டேன்."

"நீங்கண்ணா?"

"எழுவத்தஞ்சுன்னு வைங்க," என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

எடைக்குத் திருப்பூரில் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு துணி ரோலிலும் எத்தனை கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டியே வரும். ஞானராஜ் கூட்டிக் கழித்து இரண்டு சீட்டுக்கும் ரோல் அடுக்கிக் கொடுத்தார். டிரைவர் சீட்டில் சாம்பல் கலர். இடது சீட்டில் ரோஸ் கலர், அவருடைய ரசனை. ரோஸ் ரோல் சரிந்து விழாமல் கயிறு போட்டுக் கட்டினோம். குழப்பம் வரக்கூடாதே என்று நான் ஒரு சீட்டில் 'அண்ணன் 75' என்றும் இன்னொன்றில் 'அக்கா 58' என்றும் எழுதி ஒட்டினேன். ரோஸ் ரோலின் தலையில் ஒரு தொப்பியை வைத்தது ஞானராஜ். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு கிடையாது.

நான் காருக்கு அடியில் படுத்து போல்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"ஏனுங்க, என்ற சீட்டுல உக்காந்திருக்கறது யாருங்க?"

எழுந்த வேகத்தில் தலை, பின் அச்சின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலில் மோதியது. அந்த வாரம் இடித்த இடிகளிலேயே அதுதான் பெரிசு.

"துணிங்க்கா," என்றேன் உள்ளே இருந்தே.

"துணின்னு தெரியுதுங்க. அக்கா அம்பத்தெட்டுன்னு எழுதியிருக்குதே, அந்த அக்கா யாருங்க?"

வெளியே வந்தேன். ஞானராஜுக்குத் திடீரென்று மூலையில் இருந்த ரோல்களை எண்ணவேண்டிய அவசர வேலை வந்துவிட்டது. மயில்சாமி அண்ணன் ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ரோல்களை நிறுக்கிற எடை மெஷினில் நேராக ஏறி நின்றார்.

"படிங்க."

"எழுபத்தொண்ணுங்க்கா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாப் படிங்க. எழுவத்தொண்ணு. எழுதிக்குங்க." புருஷனைப் பார்த்தார். "நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு கோமதி..."

"ஏறுங்கன்னனுங்க."

எண்பத்தாறு. வயிற்றை இழுத்துப் பிடித்தும் எண்பத்தாறு.

"முப்பது வருசமா துணிய எடை போட்டு வாங்கற மனுசன், பொண்டாட்டியையும் தன்னையும் மட்டும் கண்ணால அளக்கறாரு பாருங்க," என்றார் அக்கா. அப்புறம் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை, அதனால்தான் உறைத்தது. "முதுகு என்றதுங்க தங்கவேலு. இடி வாங்குனது நானு. ஆறு நாளா இதே குடோன்ல நடக்குது வேலை. என்னையக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டா வாயி வலிக்குதுங்களா?"

அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எப்புடி இடிக்குதுங்க்கா?"

"மேட்டுல ஏறும்போது ஒண்ணுமில்லீங்க. எறங்கி, ஒரு ஆட்டம் ஆடி, ரெண்டாவது ஆட்டத்துலதான் இடிக்குது. மொதல்ல என்ற பக்கம். அப்பறம் அவரு பக்கம், லேசா."

இரண்டாவது ஆட்டத்தில் இடிக்கிறது என்றால் ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. உள்ளே எண்ணெய் இல்லை. ஆறு நாளாக பட்டையையே கட்டிக்கொண்டு அழுத நான் அதன் மூடியைத் திறந்தும் பார்க்கவில்லை. அடுத்தது, 'மொதல்ல என்ற பக்கம்.' கார் சுவரோரமாக நின்றதால் கழற்றி மாட்டுவதையெல்லாம் அடியில் படுத்தே செய்தேன், இடது பக்கம் டேப் விட வெளியிலிருந்து கை போகாது. அதனால் நான் வலது பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு, இடதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன். அக்காவின் பக்கம்தான் இடது.

காரைச் சுவரிலிருந்து தள்ளி அளந்தேன். வலதைவிட இடது பக்கம் முக்கால் அங்குலம் குறைவு.

"இன்னொண்ணு கேக்கட்டுங்களா? திரும்பி வர்றப்ப டிக்கில ஏதாச்சும் இருக்குமுங்களா?"

அக்கா சிரித்தார். "தோப்புக்குப் போயிட்டு யாராச்சும் வெறுங்கையோட வருவாங்களா? தேங்காய் ஒரு மூட்டை. எளநி ஒரு கொலை."

மயில்சாமி அண்ணன் ஃபேனிலிருந்து கண்ணை இறக்கி, "அதைய நான் சொல்லவே இல்லீங்களே," என்றார்.

இடது பட்டை மறுபடி பல்லடம் ரோட்டுக்குப் போனது. ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் நிரப்பினேன். எழுபத்தொன்று, எண்பத்தாறு, டிக்கியில் தேங்காய்க்காக இரண்டு ரோல். இவ்வளவையும் ஏற்றி, காரைத் தள்ளி ஆட்டி, ஒரு ராத்திரி சும்மா விட்டு, மறுநாள்தான் போல்டை முறுக்கினேன். இரண்டு பக்கமும் அளந்தேன். இவ்வளவு எடையிலும் ஒன்றரை, ஒன்றரை. இந்தத் தடவை போட்டோ எடுக்கவில்லை.

5. பெயின்ட் அடிக்காத மேடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் கிளம்பிப் போனார்கள். எனக்கு லீவு. ஆனால் என் சம்சாரம் வைத்த கறிக்குழம்பைப் பார்த்தால் அதில் ரப்பர் மிதக்கிற மாதிரி இருந்தது. ஃபோன் அடித்தால் அண்ணன்தான் என்று குதித்தேன். மூன்று முறையும் யாரோ லோன் வேண்டுமா என்று கேட்டார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. கம்பெனி கேட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. பெயின்ட் கிடையாது, போர்டு கிடையாது. உள்ளூர்க்காரனே மறந்து தூக்கி அடிக்கப்படுகிற மேடு. அங்கே போய் நின்றுகொண்டேன். கேட்டால் நடைப்பயிற்சி என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

தூரத்தில் கரும்பச்சை தெரிந்தது. வெயில் சாய்ந்து நேராகக் கண்ணில் அடித்ததால் உள்ளே இருப்பவர்கள் முகம் தெரியவில்லை. பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, தேங்காய் மூட்டை ஏறியிருக்கிறது. மேட்டைப் பார்த்து வேகம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. இரண்டாவது ஆட்டத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காகம் ஒன்று கத்தியது. வேறு சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தபோது கார் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் கோமதி அக்கா.

"கண்ண மூடிக்கிட்டு நடுரோட்டுல என்னுங்க பண்றீங்க?"

அப்படியானால் இடது சீட்டில்? எண்பத்தாறு! நான் எழுபத்தொன்று வைத்து முறுக்கிய சீட்டில் எண்பத்தாறு! எட்டிப் பார்த்தேன். மயில்சாமி அண்ணன் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, இடிச்சுதுங்களா? உங்க பக்கம் இடிச்சுதுங்களா?"

"இல்லீங்க," என்றார் மூச்சைப் பிடித்துக்கொண்டு. "கார் இடிக்கலீங்க. தேங்கா மூட்டைய நானே தூக்கறேன்னு தூக்குனனுங்க. முதுகு புடிச்சுக்கிச்சு."

அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். "வலியோட ஒருத்தர உக்கார வெச்சு தோப்புல இருந்து ஓட்டிட்டு வந்திருக்கறனுங்க தங்கவேலு. எத்தனை மேடு வந்துதுன்னு அவருகிட்டயே கேளுங்க. ஒண்ணுக்குக் கூட ஐயோன்னு சொல்லுல. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டுங்க வேணும்?"

"உங்க முதுகுங்க்கா?"

"அது இருக்கறதே மறந்து போச்சுங்க."

"அப்ப கோயமுத்தூர்க்காரரு?"

"அவரு மொபெட் வாங்கி ஓட்டட்டுங்க," என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். டேப் வலது பக்கமும் இடது பக்கமும் போகவேண்டும். அளப்பதற்கு முன் வண்டியை ஒரு ராத்திரி சும்மா விடவேண்டும். இது இரண்டுக்கும் முன்னால், அதில் உட்காரப்போகிறவரிடம் நேராகப் போய்க் கேட்கவேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், டிஃபரன்ஷியலில் தலையை ஒருமுறை இடித்துக்கொண்டு கேளுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

'அக்கா 58' ஸ்டிக்கர் இப்போதும் என் டூல் பாக்ஸ் மூடியில் இருக்கிறது. ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று எழுதியிருப்பது அக்காவின் கையெழுத்து.